சொத்தும் பெயரும் அமானிதமே

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகியவற்றின் சட்டங்களை நாம் கேட்டு அறிகிறோம். கேட்டபடி நடக்கவும் முயல்கிறோம். ஆனால் நாம் குடியிருக்கும் மனையிலும், பிழைப்பு நடத்தும் கடையிலும் மார்க்கம் என்ன கூறுகிறது, நாட்டின் சட்டம் என்ன கூறுகிறது என்று கேட்போர் குறைவு. செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு இவ்விரண்டும் அன்றாடப் பிரச்சினைகள். கோட்டையை ஒட்டி மனை வைத்திருப்பவர் அதில் என்ன செய்யலாம்? கடை வைத்திருப்பவர் தம் பெயர்ப் பலகையில் எந்தப் பெயரை எழுதலாம்? ஒன்று மண்ணைப் பற்றியது, மற்றொன்று பெயரைப் பற்றியது. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: உடைமை என்பது உரிமை, அதே வேளையில் அது அமானிதமும் ஆகும்.

உடைமையின் புனிதம்

வானங்கள், பூமியின் உண்மையான உரிமையாளன் அல்லாஹ்வே. மனிதனை அவன் தன் செல்வத்தில் பிரதிநிதியாக ஆக்கியிருக்கிறான் என்பதைத் திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயம் 7ஆம் வசனம் உணர்த்துகிறது. உண்மையான உரிமை அல்லாஹ்வுக்கு என்பதால் மனிதனின் சொத்துரிமை பலவீனமானது என்று எண்ணிவிடக் கூடாது. ஒருவரது பொருளை மற்றவர் தவறான வழியில் உண்ணக் கூடாது என்றும், இருதரப்பும் மனம் ஒப்பிய வணிகமே வழி என்றும் 4:29 வசனம் தெளிவுபடுத்துகிறது. அரஃபாவில் நிகழ்த்திய இறுதிப் பேருரையில், உயிரோடு சேர்த்துப் பொருளையும் நபி (ஸல்) அவர்கள் புனிதமானதாக அறிவித்தார்கள். அநியாயமாக ஒரு சாண் நிலத்தை அபகரித்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது பள்ளிவாசலுக்கு இடம் தேவைப்பட்டது. தேர்ந்தெடுத்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமானது. அவர்கள் இனாமாகத் தர முன்வந்தும் நபி (ஸல்) அவர்கள் ஏற்கவில்லை. விலை கொடுத்தே வாங்கினார்கள். அல்லாஹ்வின் இல்லத்திற்கே விலை கொடுக்காமல் நிலம் எடுக்கப்படவில்லை என்றால், அண்டை வீட்டாரின் வரப்பைக் கரைப்பவனும், தெருவை நோக்கித் திண்ணையை நீட்டுபவனும் தம் நிலையைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

கோட்டையை ஒட்டிய மனை

உரிமை உண்டு என்பதால் ஒருவர் தம் நிலத்தில் நினைத்ததையெல்லாம் செய்துவிட முடியுமா? முடியாது. பிறருக்குத் தீங்கிழைப்பதும் கூடாது, தீங்குக்குப் பதிலாகத் தீங்கிழைப்பதும் கூடாது என்பது ஃபிக்ஹு சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. தம் வீட்டுக் கழிவுநீர் அண்டை வீட்டுச் சுவரில் இறங்கும்படி விடுபவர், நிலம் என்னுடையது என்று வாதாடித் தப்ப முடியாது.

நம் ஊரில் இதற்கு மேலும் ஓர் எல்லை உண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகளை இணைத்து நிற்கும் செஞ்சிக் கோட்டை மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். 2025 ஜூலையில் 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைமாறிய கோட்டை அது. ஆற்காட்டு நவாப் ஸஆதத்துல்லாஹ் கான் கட்டிய பள்ளிவாசலும் அதற்குள்தான் இருக்கிறது. ஆகவே இது எல்லாருக்கும் பொதுவான சொத்து.

1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டமும், அதற்கு 2010இல் வந்த திருத்தமும் கூறுவதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்து கொள்ள வேண்டும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே தனியார் புதிய கட்டடம் எழுப்ப அனுமதி கிடையாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே முன் அனுமதி பெற்றுக் கட்டலாம். தடைசெய்யப்பட்ட பகுதியில் 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டையும், அதன்பின் முறையான ஒப்புதலோடு கட்டப்பட்ட வீட்டையும் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைச் சட்டப்படி நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் தர வேண்டும். அது தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் பரிசீலனைக்குச் செல்லும். அனுமதியின்றிக் கட்டுபவருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இந்தச் சட்டம் சில குடும்பங்களுக்குச் சிரமம் தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஓட்டு வீட்டை மாடி வீடாக்க முடியவில்லையே, மகனுக்கு ஓர் அறை கூட்ட முடியவில்லையே என்ற வருத்தம் நியாயமானது. உமர் (ரழி) அவர்கள் மஸ்ஜிதுன் நபவியை விரிவாக்க விரும்பியபோது, அருகிலிருந்த அப்பாஸ் (ரழி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. அப்பாஸ் (ரழி) தர மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரழி) அவர்களிடம் சென்றது. தீர்ப்பு கலீஃபாவுக்கு எதிராக அமைந்தது. உரிமை நிலைநாட்டப்பட்ட பின்னர் அப்பாஸ் (ரழி) தாமாகவே அந்த இடத்தை மக்களுக்கு வழங்கிவிட்டார்கள் என்று வரலாற்று நூல்கள் அறிவிக்கின்றன. இதிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறுகிறோம். குறை இருந்தால் உரிய அதிகாரியிடம், நீதிமன்றத்திடம் முறையிடுவது நம் உரிமை. பொது நலனுக்காக விட்டுக்கொடுப்பது நம் மாண்பு. இரவோடு இரவாகச் சுவர் எழுப்புவது இவ்விரண்டிலும் சேராது.

விற்பவர் மறைக்கக் கூடாதது

இதைவிடக் கவலைக்குரிய ஒன்று உண்டு. தடைசெய்யப்பட்ட பகுதியில் இருக்கும் மனையை, அந்த விவரத்தைச் சொல்லாமல் விற்பது. வாங்குபவர் வெளிநாட்டில் பத்தாண்டு உழைத்துச் சேர்த்த பணமாக அது இருக்கலாம். மகளின் திருமணத்திற்கென ஒதுக்கிய தொகையாகவும் இருக்கலாம். பத்திரம் முடிந்து அடித்தளம் தோண்டும்போதுதான் அவருக்கு உண்மை தெரிய வருகிறது.

குறையுள்ள பொருளை அக்குறையைத் தெரிவிக்காமல் தன் சகோதரனுக்கு விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டபோது, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைக்க வேண்டாமா என்று வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி முஸ்லிம் நூலில் உள்ளது. மனையில் வீடு கட்ட முடியாது என்பது, நெல்லில் ஈரத்தைவிடப் பெரிய குறை அல்லவா? தரகரும் இந்தப் பொறுப்பிலிருந்து விலக முடியாது. வாங்குபவரும் பட்டா, புலப்படம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், கோட்டையின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து மனை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை எழுத்தில் பெற்றுக் கொள்ள வேண்டும்.

மனையை விற்குமுன் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் நம் மரபு. ஹனஃபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் ஷுஃப்ஆ என்னும் முன்கொள்முதல் உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அது கூட்டு உரிமையாளருக்கு மட்டுமே. சென்னை மாகாண நீதிமன்றம் ஆங்கிலேயர் காலத்திலேயே இதைச் சட்டமாக ஏற்க மறுத்துவிட்டது. எனினும் நல்ல அண்டை வீட்டாராக இருப்பதற்கு நீதிமன்றத்தின் உத்தரவு தேவையில்லை.

பெயரும் ஒரு சொத்து

இனிப் பெயருக்கு வருவோம். கண்ணால் காண முடியாத ஒரு பெயர் எப்படிச் சொத்தாகும் என்று சிலர் கேட்கின்றனர்.

நபி (ஸல்) அவர்கள் ரோம மன்னருக்குக் கடிதம் எழுத விரும்பினார்கள். முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் படிப்பதில்லை என்று சொல்லப்பட்டது. ஆகவே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்து, அதில் தம் பெயரையும் தூதுத்துவத்தையும் மூன்று வரிகளாகப் பொறிக்கச் செய்தார்கள். பின்னர் அந்த வாசகத்தை வேறு எவரும் தம் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்று தடுத்தார்கள். இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. மோதிரம் அணிவது தடுக்கப்படவில்லை. அதே அடையாளத்தைப் பொறிப்பதுதான் தடுக்கப்பட்டது. ஏனெனில் கடிதத்தைப் பெறுபவர், இது யாரிடமிருந்து வந்தது என்பதை ஐயமின்றி அறிய வேண்டும். வணிகச் சின்னம் என்று நாம் இன்று சொல்வதன் நோக்கமும் இதுவே: இந்தப் பொருள் யாரிடமிருந்து வந்தது என்பதை வாங்குபவர் அறிவது.

மக்களுக்கு உரிய பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்று ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாருக்குச் செய்த உபதேசம் திருக்குர்ஆனில் இடம்பெற்றுள்ளது (26:183). 'பொருள்கள்' என்ற சொல் பொதுவாக வந்திருப்பதால், மனிதருக்கு உரிமையான எதையும் அது உள்ளடக்கும். முற்கால ஹனஃபி அறிஞர்கள் வெறும் உரிமைகளை விற்பதில் தயக்கம் காட்டினர். காலம் மாறி, பெயருக்கே விலை உண்டான பின்னர், 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதை விரிவாக ஆராய்ந்தது. வணிகப் பெயர், வணிகச் சின்னம், நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு ஆகியவை அவற்றின் உரிமையாளர்களுக்கே உரியவை. அவற்றுக்கு ஷரீஅத்தில் மதிப்பு உண்டு. அவற்றின் மீது அத்துமீறுவது கூடாது. மோசடியும் ஏமாற்றும் இல்லாதவரை அவற்றை விலைக்கு மாற்றிக் கொள்ளலாம் என்று அது தீர்மானித்தது.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர் பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். பதிவு செய்யாதவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஒருவர் நெடுங்காலமாகப் பயன்படுத்தி நற்பெயர் ஈட்டிய பெயரை மற்றவர் போட்டுக்கொண்டு, தம் சரக்கை அவருடைய சரக்கு என்று மக்கள் நம்பும்படி விற்றால், நீதிமன்றம் அதைத் தடுக்கும்.

தலைப்பாகை சொல்லும் பாடம்

திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு என்பவர் 'ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல்' என்ற பெயரில் ஓர் உணவகம் தொடங்கினார். அவர் எப்போதும் தலைப்பாகை கட்டியிருப்பார். சீரகச் சம்பா அரிசிப் பிரியாணியின் சுவையை அறிந்த மக்கள், பலகையில் இருந்த பெயரை விட்டுவிட்டு, 'தலப்பாக்கட்டி' கடை என்றே அழைத்தனர். தலைப்பாகை என்பது யாரும் சொல்லக்கூடிய சொல்தான். ஆனால் பல்லாண்டு உழைப்பும் ஒரே தரமும் அந்தச் சொல்லுக்குத் தனி அடையாளத்தைத் தேடித் தந்தன. பின்னாளில் அதே பெயரையும் அதை ஒத்த பெயர்களையும் பிற உணவகங்கள் வைத்தபோது, வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது.

அந்தப் பெயரைத் தந்தவர்கள் மக்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நம்பிக்கையின் அடையாளமாக அவர்கள் தந்த பெயர் அது. ஆகவே ஒரு பெயரைத் திருடுபவன் இருவருக்கு அநியாயம் செய்கிறான். உழைத்தவரின் பலனைப் பறிக்கிறான்; நம்பி வந்த வாடிக்கையாளரை ஏமாற்றுகிறான்.

நெல்லுக்குப் பேர்போன ஊர் நம் ஊர். பெயர் பெற்ற ஓர் ஆலையின் பெயர் அச்சிட்ட பையில் வேறு அரிசியை நிரப்பித் தைத்து விற்பதைச் சிலர் சாதாரணமாக நினைக்கலாம். எடை சரியாக இருக்கிறது, அரிசியும் நல்ல அரிசிதான் என்று அவர்கள் காரணம் கூறலாம். ஆனால் வாங்குபவர் அந்தப் பெயருக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். அவருக்கு அது கொடுக்கப்படவில்லை. அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடு உண்டென எச்சரிக்கும் 83ஆம் அத்தியாயத்தை ஓதும் நாம், இதுவும் ஒருவகை அளவைக் குறைவே என்பதை உணர வேண்டும். சட்டத்தின்படியும் இது குற்றம். பிறரது வணிகச் சின்னத்தைப் பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மருந்து விஷயத்தில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. மூளையைத் தாக்கும் மலேரியாவுக்கான இரு மருந்துகளின் பெயர்கள் ஒத்திருந்தது பற்றிய கேடிலா நிறுவனங்களின் வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக எடுத்துரைத்தது. மற்றப் பொருள்களில் பெயர்க் குழப்பம் பண நஷ்டத்தோடு நிற்கலாம். மருந்தில் அது உயிரையே பறித்துவிடலாம்.

பெயருடையவரின் கடமைகள்

உரிமையைப் பேசும்போது கடமையை மறந்துவிடக் கூடாது. பெயரை வைத்திருப்பவருக்கும் கட்டுப்பாடுகள் உண்டு.

முதலாவது, பெயர் தரும் வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டும். தந்தையின் கைப்பக்குவத்தால் வந்த பெயரைப் பலகையில் வைத்துக்கொண்டு தரத்தைக் குறைப்பது, தம் சொந்தப் பெயராலேயே பிறரை ஏமாற்றுவதாகும். 'ஹலால்' என்று பலகையில் எழுதுபவர், இறைச்சி எங்கிருந்து வருகிறது, யார் அறுத்தார் என்பதை அறிந்திருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நம் பெண்களும் பிள்ளைகளும் அங்கே உண்கின்றனர்.

இரண்டாவது, இல்லாத உரிமையைக் கோரக் கூடாது. பதிவு செய்யாத பெயரைப் பதிவு பெற்றது என்று பொய்யாகக் காட்டுவதற்குச் சட்டத்தில் தண்டம் உண்டு.

மூன்றாவது, பொதுச் சொற்களைத் தமக்கே சொந்தம் என்று கூறிச் சிறு வியாபாரிகளை மிரட்டக் கூடாது. நூடுல்ஸ் விற்பனையில் 'மேஜிக் மசாலா' என்ற சொற்களைப் பற்றி ஐடிசி நிறுவனம் நெஸ்லே நிறுவனத்தின் மீது 2013இல் வழக்குத் தொடுத்தது. அவை வணிகத்தில் பொதுவாகப் புழங்கும் புகழ்ச் சொற்கள் என்று கூறி, சென்னை உயர்நீதிமன்றம் 2020 ஜூனில் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆதாரமின்றி மிரட்டப்பட்டவர் தாமே வழக்குத் தொடுக்கவும் சட்டம் வழி வகுத்துள்ளது. ஒருவர் தம் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதையும் தடுக்க முடியாது.

நான்காவது, புனிதமானவற்றை வணிகப் பொருளாக்கக் கூடாது. மத உணர்வைப் புண்படுத்தும் சின்னங்களைப் பதிவு செய்யச் சட்டம் தடை விதிக்கிறது. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்று பெயரிட்ட வழக்கில், புனித நூலின் பெயரைத் தனக்கே உரிய வணிகச் சின்னமாக எவரும் கோர முடியாது என்று 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் திருக்குர்ஆனும் பைபிளும் குரு கிரந்த் ஸாஹிபும் குறிப்பிடப்பட்டுள்ளன. மக்கா, மதீனா, ஜம்ஜம் என்று கடைகளுக்குப் பெயர் வைக்கும் நாம், அப்பெயர் எழுதிய காகிதப் பை குப்பையில் கிடக்கும் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மகளுக்கும் பெயரில் பங்கு உண்டு

அன்பானவர்களே! பல குடும்பங்கள் கவனிக்கத் தவறும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும்.

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் முதலில் விவசாய நிலத்தைத் தன் வரம்புக்குள் சேர்க்கவில்லை. சென்னை மாகாணம் 1949இல் கொண்டுவந்த திருத்தத்தால், நம் பகுதியில் நஞ்சை, புஞ்சையும் ஷரீஅத்தின்படியே பங்கிடப்பட வேண்டும். பெற்றோர் விட்டுச் சென்றது குறைவாயினும் அதிகமாயினும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று 4:7 வசனம் விதிக்கிறது. வீட்டையும் நிலத்தையும் பங்கிடுபவர்கள்கூட, கடையின் பெயரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கடையை மகன்கள் எடுத்துக் கொள்கின்றனர். சரக்கின் மதிப்பில் மட்டும் மகளுக்கு ஏதோ தரப்படுகிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். இரண்டு மகன்களும் ஒரு மகளும் மட்டுமே வாரிசுகள். கடன், வஸிய்யத் எல்லாம் தீர்ந்துவிட்டன. கடைச் சரக்கும் சாமான்களும் 6 லட்சம் பெறும். அந்தக் கடையின் பெயருக்காக வெளியார் 14 லட்சம் கொடுக்க முன்வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 லட்சம். மகளின் பங்கு ஐந்தில் ஒன்று, அதாவது 4 லட்சம். பெயரைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அவளுக்குக் கிடைப்பது 1,20,000 ரூபாய் மட்டுமே. மீதி 2,80,000 ரூபாய் அவளுடைய ஹக்கு. அதை வைத்திருக்கும் சகோதரர்கள், தங்கள் கூடப்பிறந்தவளின் பொருளை உண்கின்றனர். அவள் வெட்கப்பட்டு வாய் திறக்காமல் இருப்பது சம்மதமாகாது.

சகோதரர்கள் பிரிந்து, ஒரே பெயரில் எதிரெதிரே கடை வைத்து, கோர்ட் வாசலில் ஆயுளைக் கழிப்பதும் இந்தப் பெயரால்தான். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே (2:282) திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் என்பதை மறவாதீர்கள். தந்தை உயிரோடு இருக்கும்போதே பெயரை அவர் பெயரில் பதிவு செய்யுங்கள். அவர் காலத்திற்குப் பின் நடுநிலையான ஒருவரைக் கொண்டு அதற்கு மதிப்புப் போடுங்கள். பெயரை எடுத்துக் கொள்பவர் மற்ற வாரிசுகளுக்கு உரியதைக் கொடுத்து, அதை எழுதிக் கையொப்பமிட்டு, பதிவேட்டிலும் உரிமை மாற்றம் செய்து கொள்ளட்டும். கூட்டாக நடத்துவதானால், லாபத்தில் சகோதரியின் பங்கு எவ்வளவு என்பதையும் எழுதி வையுங்கள்.

அன்புச் சகோதரர்களே! இன்று வீடு திரும்பியதும் மனைப் பத்திரத்தையும் கடைக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். அதில் அண்டை வீட்டாரின் சாண் நிலம் இருக்கிறதா, பிறர் உழைத்த பெயர் இருக்கிறதா, சகோதரியின் பங்கு தங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உரியவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பணத்தாலும் பத்திரத்தாலும் தீர்த்துக் கொள்ள இவ்வுலகில் வழி உண்டு. மறுமையில் நன்மைகளைக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டியிருக்கும்.

வல்ல ரஹ்மான் நம் மனைகளிலும் தொழில்களிலும் பரக்கத் செய்வானாக! பிறர் உரிமையில் ஓர் அணுவளவும் கை வைக்காமல், நம் உரிமையை அமானிதமாகப் பேணி, ஹலாலான உணவை உண்டு, ஹலாலான சொத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.